மைலேஜ் பாவாவும் மஞ்சள் நீரும்

திருத்தணி வட்டாரத்தில், துரத்துவார் ஒருவரும் இல்லாமல் ஓடிய முதல் மனிதர் மைலேஜ் பாவாதான். இதில் எனக்கு ஐயமே இல்லை. மற்றவர்கள் ரயிலுக்காக ஓடினார்கள். கட்டறுத்துக்கொண்டு போன மாட்டின் பின்னால் ஓடினார்கள். காரணமே இல்லாமல், அதுவும் அரைக்கால்சட்டை அணிந்து, நடுவயதில் ஓடியவர் அவர் ஒருவரே.

அவர் விசைத்தறி வைத்திருந்தார்; அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் அந்த நெசவாளர் தெருவில் சிறியோர் பெரியோர் அனைவருக்கும் அவர் ‘பாவா’, அதாவது அத்தான். ஓடத் தொடங்கிய பிறகு ‘மைலேஜ்’ என்பது முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. முதல்நாள் விடியலில் அவர் ஓடுவதைக் கண்ட பால்காரர், மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாமும் கூடவே ஓடினாராம்.

“யாருக்கு இன்னா ஆச்சு பாவா?”

“ஒண்ணும் ஆவல. சும்மா ஓடிக்கினு கீறேன்.”

“சும்மாவா? அத மொதல்லயே சொல்லக் கூடாதாய்யா?”

அந்த வாரம் முழுவதும் பாவா வீட்டுக்குப் பால் தாமதமாகவே வந்தது.

இப்படி ஓடி ஓடிச் சென்னையில் நடந்த மாரத்தான் ஒன்றையும் முடித்துவிட்டார். அன்று மாலை அவரை வரவேற்க ரயில் நிலையத்துக்குச் சென்றேன். மேம்பாலப் படிகளில், எனக்கு முதுகைக் காட்டியவாறு, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். மேலே நிற்கும் யாரோ ஒரு பெரிய மனிதரிடம் விடைபெற்றுக்கொண்டே வருகிறார் என்று எண்ணினேன். அருகில் வந்த பிறகுதான், வலது முழங்கால் உரித்த தேங்காயளவு வீங்கியிருப்பது தெரிந்தது.

மருத்துவர் ஓய்வு என்றார். பாவாவின் மனைவி விஜயா அக்கா அதைப் பத்தியம் என்று பொருள்கொண்டார். பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதெல்லாம் மாரத்தான் ஓடியவருக்கும் நடந்தது: பூண்டுக் குழம்பு, சுக்கு லேகியம், இரு காதிலும் பஞ்சு. முழங்காலுக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன்.

“காத்து எந்த வழியா உள்ள போவும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?” என்றார் அக்கா.



அத்தனை நாளும் தறிகளை அக்காவே தனியாக ஓட்டினார். ஆகவே, வீக்கம் வடிந்து பாவா மறுபடியும் காலணியைத் தேடிய அன்று, தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றி வந்தது.

“ஒரே ஒரு தபா போய்ட்டு வா. நல்லபடியா வந்தின்னா இஷ்டத்துக்கு ஓடு. நொண்டிக்கினு வந்தின்னா அத்தோட சரி. அப்புறம் ஓட்டம்ன்ற பேச்சே இந்த வூட்ல இருக்கக் கூடாது.”

வேறொருவராயிருந்தால் தெருவை ஒருமுறை சுற்றி வந்து வெற்றி அறிவித்திருப்பார். பாவாவோ ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகளில், ஒற்றையடிப் பாதையில் நெடுந்தொலைவு ஓடப்போவதாகச் சொன்னார். ஒழுங்கான சாலை இருக்கக் கல்லையும் முள்ளையும் ஏன் தேட வேண்டும் என்று கேட்டேன்.

“மாரத்தான்ல வழி நெடுக தண்ணி குடுக்கறான், கை தட்டறான். யோசிக்க வேலையே இல்ல சார். மலைப்பாதைல ஒவ்வொரு அடியும் பாத்து வெக்கணும். நூல் எங்க அறுந்துதுன்னு தறியையே பாத்துக்கினு இருக்கற மாதிரி. அப்பதான் மனசு வேற எங்கயும் போவாது.”

ஆர்வம் தாங்காமல், எல்லையோரச் சிற்றூர்களில் வாழைப்பழத்தோடு காத்திருக்க நானே முன்வந்தேன்.

தறிகளுக்கு விடுமுறை என்பதால் அவர் தேர்ந்தெடுத்தது ஆடிக் கிருத்திகை நாள். ஊரெல்லாம் காவடி வருமே என்றேன். “கூட்டம்லாம் ரோட்லதான சார்? மலைப்பக்கம் யார் வரப்போறாங்க?” என்றார். எல்லைப்புறத்து மக்கள் நடந்து வருவதே அந்தக் குறுக்குப் பாதைகளில்தான் என்பது, ஓட்டத்தையன்றி வேறெதையும் எண்ணாத அந்தத் தலைக்குள் ஏறவில்லை. போதாக்குறைக்கு, மாரத்தானில் கொடுத்த மஞ்சள் பனியனை அணிந்துகொண்டார். முதுகில் நீர்ப்பை, அதிலிருந்து தோள்வழியாக வாய்க்கு வரும் மெல்லிய குழாய்.

முதல் ஊரின் எல்லையில், காவடி எடுத்து வருவோரின் காலில் ஊற்ற, மஞ்சள் நீரும் வேப்பிலையும் நிறைந்த குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். குன்றிலிருந்து மஞ்சளாய் ஓர் உருவம் இறங்கி ஓடி வந்தது.

“சாமி வருது! நில்லு சாமி!”

“நான் சாமி இல்லம்மா. சும்மா ஓடறவன்.”

“ஓடிக்கினே வர்றேன்னு வேண்டிக்கினியா? யப்பா! எங்க ஊர்ல யாரும் இந்த வேண்டுதல் வெச்சதே இல்ல.”

மூச்சு வாங்கிய பாவா, குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். அங்கிருந்த பெரியவர் ஒருவர் பதறிப்போனார்.

“அபிஷேகத்துக்கு எடுத்துக்கினு போற பால நீயே குடிக்கிறியே சாமி!”

“பால் இல்ல நைனா, வெறும் தண்ணி.”

“தண்ணியவா முருகனுக்கு எடுத்துக்கினு போற?”

விளக்கம் எடுபடவில்லை. காலணியைக் கழற்றச் செய்து, பாதம் நனைய நனைய ஊற்றினார்கள். மீண்டும் அணிந்து அடுத்த ஊருக்கு ஓடினால், ‘ஓட்டக் காவடி’ வருகிற செய்தி அவரை முந்திக்கொண்டு போயிருந்தது. அங்கும் குடங்கள், அதற்கடுத்த ஊரிலும் குடங்கள். ஓரிடத்தில் ஓர் அம்மாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

“முட்டி வலி உசுரு போவுது சாமி. துண்ணூறு குடு.”

“எனக்கே முட்டி வலிதாம்மா!”

“பாத்தீங்களாடி! என் வலிய சாமி வாங்கிக்கிச்சு!” என்று அந்த அம்மாள் எழுந்து விடுவிடுவென நடந்து போனார். பாவா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மாலையில் எங்கள் தெருமுனைக்கு வந்தபோது, நனைந்த காலணிகளைக் கையில் பிடித்திருந்தார். ‘ஓட்டக் காவடி’ செய்தி இங்கும் எட்டியிருந்ததால் தெருவே வாசலுக்கு வந்திருந்தது. பாவா நடந்தார். மறைக்க முடியவில்லை, தெளிவாகவே நொண்டினார். கூட்டத்தில் ஒருவர், “போச்சு!” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையை உயர்த்தி அடக்கினார்.

பாவாவைப் படியில் உட்காரவைத்து, முழங்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“இங்க?”

“ஊஹூம்.”

பிறகு பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். ஊறி வெளுத்து, மஞ்சள் ஏறி, கொப்புளம் கொப்புளமாக இருந்தது. மஞ்சள் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“சாமின்னு நெனச்சு ஊத்தியிருக்காங்க. அதால நொண்டினா அது நொண்டினதுல சேராது,” என்றவர், எழுந்து உள்ளே போகும்போது சொன்னார்: “அடுத்த தபா போறப்ப கிருத்திகை இருக்கான்னு பாத்துட்டுப் போ.”

“அடுத்த தபாவா?” என்றார் பாவா. அத்தனை மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். அந்தக் குன்றுகளில் அவர் இன்னும் ஓடுவதாகக் கேள்வி. எந்தப் பாதையில், எந்த ஊர் வழியாக என்பது மட்டும் தெரியவில்லை. தெரிந்தால், நானும் ஒரு குடத்தோடு போய் நிற்பேன்.