மஞ்சள் தவளையின் சொந்தக்காரர்

டெல்பர்ட் வாக்கிங்ஸ்டிக்குக்குப் பதினோரு தாத்தாக்கள் என்று எங்கள் தாலிக்வா ஊரில் ஒரு வதந்தி. மனிதனுக்கு இரண்டு போதுமே என்று நானும் சரிபார்க்கக் கிளம்பினேன். ஒரு வசந்தகாலம் முழுக்க அவருடைய கதைசொல்லும் கூட்டங்களுக்கு அலைந்து, நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். வதந்தி சுத்தப் பொய். பதினான்கு.

இவரைப் போன்றவர்களுக்குப் பண்பாட்டுப் பேச்சாளர் என்று பெயர். அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் செரோக்கி மக்களிடம் மட்டும்தான் இது விளையும் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காராதீர்கள்.

கடையில் கோழித்தீனி வாங்கும்போது ஏலக்காரனைப் போலப் படபடவென்று பேசுகிற இந்த மனிதர், ரிப்பன் தைத்த பாரம்பரியச் சட்டையைப் போட்டு, நாலு பேர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், குரலை அடிவயிற்றுக்கு இறக்கி, "ஓசியோ" என்று வணக்கம் சொல்லி, ஜன்னல் வழியே பருந்து ஏதாவது வருமா என்று நெடுநேரம் பார்த்து, வராவிட்டால் கார் நிறுத்துமிடத்துக் காக்கையை வைத்தே சமாளித்து, அதன் பிறகுதான் வாயைத் திறப்பார். ஜனம் அதற்குள் பாதி அழுதிருக்கும். டல்சா நகரத்திலிருந்து வந்த அம்மாள், "என்னைக் காக்கும் ஆவியாக எனக்குள் இருக்கும் மிருகம் எது?" என்று கேட்பாள். ஓநாய். எல்லோருக்கும் ஓநாய்தான். பெருச்சாளியும் நத்தையும் வேலையில்லாமல் கிடக்கின்றன.

எங்கள் மக்களிடம் ஒரு முறை உண்டு: கதையை ஆரம்பிக்குமுன் அதை யார் சொல்லக் கேட்டோம் என்று சொல்லிவிட வேண்டும். டெல்பர்ட் இதில் தவறுவதே இல்லை. "நான் சிறுவனாக இருந்தபோது என் தாத்தா சொன்னார்..." தாத்தாக்கள் பெருகிய கதை இதுதான்.

அவருடைய புகழ்பெற்ற கதை, ஓடையைத் திறந்து மூடும் மஞ்சள் தவளை. ஆயிரம் வருடப் பழமையாம். வெள்ளம் வடிந்ததும் தவளை இரண்டு முறை 'பாம் பாம்' என்று கத்தும். ஏன் இரண்டு? ஒன்று வானத்துக்கு, ஒன்று பூமிக்கு என்பார். அது பஸ் ஹாரன்.

நெல்டா சுகுலேட் பள்ளி பஸ் ஓட்டுகிற பெண்மணி. முப்பத்தேழு வருடம் முன்பு ஒரு மழைநாளில், ஓடை பெருகி, அவருடைய மஞ்சள் பஸ் மூன்று மணி நேரம் இக்கரையில் நின்றது. உள்ளே இருபது பிள்ளைகள், இருபதும் அழுகை. ஓட்டுநர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, அந்த நிமிடமே கட்டிவிட்ட கதை அது. ஹாரனையும் அவரே அடித்தார். பிள்ளைகளில் பலமாக அழுத ஒன்பது வயதுக்காரன் யார் என்கிறீர்கள்? டெல்பர்ட்தான்.

இந்த மே மாதத்தோடு நெல்டாவுக்கு ஓய்வு. அதற்குமுன் நூலகத்தில் பிள்ளைகள் தினத்தன்று ஒரே ஒருமுறை தன் தவளையை மேடையில் சொல்லிப் பார்க்க ஆசை. ஏற்பாடு செய்யும் ஜோலீன் தயங்கினாள்.

"அது டெல்பர்ட் அண்ணன் கதையாச்சே அக்கா. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

கேட்கப் போனார். தேவாலயத்துப் பன்றிக்கறி விருந்தில், தட்டும் கையுமாக டெல்பர்ட் அகப்பட்டார். பக்கத்து மேசையில் நான்.

"டேய், உன் எத்தனாவது தாத்தாடா நான்?"

"அக்கா, கதைங்கிறது ஆறு மாதிரி. யாருக்கும் சொந்தமில்ல."

"அப்புறம் ஏன்டா போஸ்டர்ல உன் மூஞ்சி?"

"பஸ் டிரைவர் சொன்னாங்கன்னா ஜனம் எந்திரிச்சுப் போயிடும்க்கா. மூத்தவங்க சொன்னதா இருக்கணும்."

"அன்னிக்கு எனக்கு இருபத்திநாலு வயசுடா!"

"என்னைவிட மூத்தவங்கதானே?"

நெல்டா சிரித்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

"சரி, என் பேரை ஒரு தடவை சொல்லிடு. ஒரே ஒரு வரி."

"அடுத்த கூட்டத்துல சத்தியமா சொல்றேன்க்கா."

பிள்ளைகள் தினம் வந்தது. நெல்டா சொன்னார்; நன்றாகவே சொன்னார். 'பாம் பாம்' வந்ததும் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டெல்பர்ட் மாமா இப்படிச் சொல்லமாட்டார். வானத்தையும் பூமியையும் விட்டுட்டீங்க" என்றாள். ஜோலீன் ஒலிவாங்கியை வாங்கி, டெல்பர்ட்டின் கதையை அழகாகச் சொன்ன நெல்டா அம்மையாருக்கு நன்றி தெரிவித்தாள். கைதட்டல்.

நீங்கள் இப்போது டெல்பர்ட்டைத் திட்டுகிறீர்கள். திட்டுங்கள். ஆனால் நாளைக்குக் காப்பி குடிக்கும்போது இதை யாரிடமாவது சொல்வீர்கள் அல்லவா? எப்படித் தொடங்குவீர்கள்? "எங்கேயோ கேட்டேன்..." நானும் முடிதிருத்தகத்தில் அந்தத் தவளையை இரண்டுமுறை சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். பெயர் சொன்னேனா? கத்தரிச் சத்தத்தில் விட்டுப்போயிற்று.

பேச்சாளர் அதற்குப் பிறகு ஆறு கூட்டம் பேசிவிட்டார். ஆறுக்கும் போனேன். அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.