ராகு காலத்துக்கு முன் திறந்த சூளை

விருத்தாசலத்துக்குப் பீங்கான் வேலைக்கு வந்தபோது எனக்குச் சொந்தம் என்று இருந்தவை ஒரு டவுசரும், ஐந்தாம் வகுப்பில் பெயிலான அனுபவமும்தான். அதை வைத்துக்கொண்டு பீங்கானில் பியூஸ் கேரியர் செய்கிற தொழிற்சாலை கட்டினேன். கரண்டே வராத இடத்தில் கட்டினேன். அப்புறம் பொம்மை யூனிட், மாடி வீடு, மூன்று பெண்களின் கல்யாணம், தொழிற்பேட்டை முனையில் ஒரு பிள்ளையார் கோயில். எல்லாம் தனி ஆளாக. (இந்த வரியைப் படித்த என் மனைவி, "பொண்ணுங்களயும் தனியாத்தான் பெத்தீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு எழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.)

இவ்வளவும் கட்டியவன் ஒரு தெருவையும் உண்டாக்கினேன். அதை மட்டும் ஊர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. கொசு மருந்துக்காரர்கூடத் தெருமுனையில் நின்று புகையை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். காரணம், முனையில் இருந்த பெரும் பள்ளம். மழை பெய்தால் குளம், பெய்யாவிட்டால் சேறு. ஆட்டோ உள்ளே போகாது. காலனிப் பெண்கள் பலரும் பீங்கான் யூனிட்களில் கூலிக்குப் போனவர்கள். யூனிட்கள் ஒவ்வொன்றாக மூடியதும் சும்மா உட்கார்ந்துவிட்டார்கள்.

அதில் ஒருத்தி செல்வி, என்னிடம் அச்சில் களிமண் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவள். ஒருநாள் வந்து நின்றாள்.

"பெரியப்பா, நாங்களே சேந்து டீ கப்பு போடலாம்னு இருக்கோம். எங்க தெருக் கடைசியில உங்க பழைய சூள சும்மாதான கெடக்குது. குடுங்க."

கொடுத்தேன். அவள் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தேன்: என் தலைமையை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கூட்டத்தில் 'தொழில்முனைவோர்' என்ற சொல்லைக் கேட்டிருந்தேன். இத்தனை வருஷமாக நான் அதுவாகத்தான் இருந்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. உடனே 'அடித்தட்டு மக்களை முதலாளிகளாக்கும் அண்ணலே' என்று ஒரு பிளக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். (அண்ணல் நான்தான். வாசகத்தையும் நானே எழுதினேன்.)

செல்வி ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். திட்டக்குடி ரோட்டில் வரிசையாக டீக்கடை வைத்திருக்கும் நாகப்பனைப் பிடித்து, முதல் சூளை நன்றாக வந்தால் அவர் கடை எல்லாவற்றுக்கும் இவர்கள் கப்புதான் என்று பேசி முடித்திருந்தாள். அது கிடைத்தால் காலனி பிழைக்கும். கிடைக்காவிட்டால் பெண்கள் திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

கப்புகள் காய்ந்து சூளைக்குள் அடுக்கப்பட்டன. வாசலைச் செங்கல் வைத்து, மண் பூசி அடைத்தாயிற்று. செல்வி நெருப்பு வைக்கப் போனாள்.

"இரு," என்றேன். பிளக்ஸுக்கு என் படம் வேண்டும், சூளைக்கு முன்னால் தீப்பந்தத்தோடு. போட்டோக்காரன் நல்லூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அவன் வரும்வரை சூளையும் காத்திருந்தது, நானும் வேட்டி கசங்காமல் நின்றேன். படம் அருமையாக வந்தது. ஆனால் நெருப்பு ஒரு நாள் தள்ளிப்போனது.

திறப்பு விழா நாள் தள்ளிப்போகவில்லை. பெரிய அதிகாரி ஒருவர் திட்டக்குடிப் பக்கத்து மங்களூருக்குப் போகிற வழியில் வந்து திறப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம்.

காலையில் செல்வி சூளைச் சுவரில் கையை வைத்தாள், எடுத்தாள்.

"பெரியப்பா, இன்னும் கொதிக்குது. இன்னிக்கு வேணாங்க."

"ஆபீசர் வராரும்மா."

"நீங்கதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, பெத்த புள்ள உள்ள இருந்தாலும் ஆறாத சூளைய தொறக்காதன்னு."

"அது தொழிலாளிக்குச் சொன்னது. இப்ப நீ முதலாளி."

(அப்போது இந்தப் பதில் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.)

அதிகாரி பத்தேகாலுக்கு வந்து இறங்கினார், பள்ளத்தில். சேறு முழங்கால் வரை. கழுவி முடிப்பதற்குள் ராகு காலம் நெருங்கிவிட்டது. அவர் முதல் செங்கலை எடுத்தார், துணி சுற்றிய கையால். மற்றதை நானே கடப்பாரையால் நெம்பித் தள்ளினேன். குளிர்ந்த காற்று உள்ளே போனது.

அதிகாரி மைக்கைப் பிடித்து, "இந்த மண்ணில் ஒரு புதிய விடியல்..." என்றார்.

டிங்.

"ஒவ்வொரு சகோதரியும் ஒரு தொழிற்சாலை..."

டிங். டிங். டிங்.

சூட்டிலிருக்கிற பீங்கானில் சில்லென்று காற்றுப் பட்டால் கண்ணெதிரே விரிசல் ஓடும். எனக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது, ஜால்ரா என்று நினைத்துக் கைதட்டினார்கள். தட்டத் தட்ட உள்ளே வெடித்தது. அதிகாரி மட்டும் நெகிழ்ந்துபோய் இன்னும் கொஞ்சம் பேசினார்.

அவர் போனபின் செல்வி உள்ளே எட்டிப் பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாகப்பண்ணன் வந்துட்டாரு," என்று மட்டும் சொன்னாள்.

நாகப்பன் சில்லுக் குவியலைப் பார்த்தார். என் பிளக்ஸைப் பார்த்தார். சூடு தணிந்த பிறகு சூளையின் பின்வரிசையில் கையை விட்டு, உடையாத கப்பு ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். அங்கே காற்று போய்ச் சேர நேரமானதால் அந்த வரிசை மெதுவாக ஆறியிருந்தது.

"யம்மா, கப்பு நல்லாத்தான் போட்டிருக்கீங்க. இவருகிட்டயே தப்பிச்சதுன்னா எங் கட மாஸ்டருகிட்ட தப்பிக்காதா? ஆர்டர் தரேன். ஒரே கண்டிஷன்."

"சொல்லுங்கண்ணா."

"சூள தொறக்கறன்னிக்கு இந்தப் பெரியவர் தெருவுக்குள்ள வரக்கூடாது."

பெண்கள் ஒரே குரலில் சம்மதித்தார்கள். அவ்வளவு ஒற்றுமையை நான் அதுவரை அந்தக் காலனியில் பார்த்ததில்லை.

உடைந்த கப்பு முழுவதையும் அன்றே அள்ளி முனைப் பள்ளத்தில் கொட்டி, கல்லும் கிராவலும் போட்டு இடித்து மட்டமாக்கினார்கள். மறுவாரம் ஆட்டோ உள்ளே வந்தது. கப்பு வீட்டு வாசலிலேயே ஏறியது. ஆட்டோ வந்ததும் இட்லிக்கடை வந்தது, தையல் கடை வந்தது, செல்போன் கடை வந்தது. இப்போது கொசு மருந்துக்காரரும் உள்ளே வருகிறார்.

நிபந்தனை இன்றும் அமலில் இருக்கிறது. சூளை திறக்கும் நாளில் தெருமுனை டீக்கடையில் என்னை உட்கார வைத்துவிடுவார்கள், அந்தக் கப்பிலேயே டீ வரும். வீட்டில் தட்டு விழுந்து உடைந்தால் பேரப்பிள்ளைகள், "தாத்தா திறப்பு விழா நடத்திட்டாரு" என்கிறார்கள்.

போன மாதம் செல்விக்குச் சிறந்த தொழில்முனைவோர் விருது கொடுத்தார்கள். மேடையில் நாகப்பனுக்கு நன்றி சொன்னாள், ஆட்டோக்காரருக்கு நன்றி சொன்னாள். என் பெயர் வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பொறுமையாகக் கப்பு செய்தவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர். ஒரு தெருப் பள்ளம் நிறைகிற அளவுக்கு ஒரே காலையில் உடைத்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அந்தத் தெருமுனையில் என் பெயரில் ஒரு பலகை வைக்க வேண்டும். படத்துக்கு யாரும் அலைய வேண்டாம். தீப்பந்தத்தோடு எடுத்தது பீரோவில் பத்திரமாக இருக்கிறது.