டிக்கெட் வாங்கியும் வாசலில் நிற்கிறேன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் செய்தித்தளத்தின் கதவும் நலமென்று நம்புகிறேன். கதவு மிகவும் நலம் என்பதற்கு நானே சாட்சி. பதினோரு நாளாகத் தட்டுகிறேன், ஒரு கீறல்கூட விழவில்லை.

இதை மின்னஞ்சலில் அனுப்பாமல் தபாலில் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. என் மின்னஞ்சலுக்குள் ஒரு திருடன் குடியிருக்கிறான். அவனைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் என்னைப் பற்றி. நான் முப்பத்துநான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட் இல்லாதவர்களை, அமைச்சரின் மைத்துனர் என்று சொன்னவர் உட்பட, அடுத்த நிலையத்தில் இறக்கியிருக்கிறேன். ஆனால் டிக்கெட் வாங்கிய ஒருவரைக்கூட நான் இறக்கிவிட்டதில்லை. டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு அழாத குறையாக நின்றவர்களைக்கூட, முகத்தைப் பார்த்து, உட்காரச் சொல்லியிருக்கிறேன். தங்கள் தளம் என் முகத்தையும் பார்க்கவில்லை, டிக்கெட்டையும் பார்க்கவில்லை. ஒரு வருடச் சந்தா கட்டிய எனக்குத் தினமும் "தொடர்ந்து படிக்கச் சந்தாதாரர் ஆகுங்கள்" என்று புத்திமதி சொல்கிறது.

நான் ஏன் சந்தா கட்டினேன் என்பதைத் தங்களிடம் மறைப்பதில் பயனில்லை. தங்களிடம் நிருபராக இருப்பவள் என் மகள். இரண்டு வருடத்துக்கு முன் நல்ல வங்கி வேலையை விட்டுவிட்டுத் தங்களிடம் சேர்ந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "நீ எழுதறதுல ஒரு எழுத்தைக்கூட நான் படிக்க மாட்டேன், அது இந்த வீட்டுக்குள்ள வரவும் கூடாது" என்று சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான் என்று வாழ்ந்தவன் நான். அன்றிலிருந்து போனில் அவள் "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள், நான் "ம்" என்பேன், பிறகு போன் என் மனைவியின் கைக்குப் போய்விடும். இரண்டு வருடமாக எங்கள் போக்குவரத்து அவ்வளவுதான்.

போன வாரத்துக்கு முந்தின வாரம், எங்கள் மாடிவீட்டுப் பல் மருத்துவர் படியில் என்னை நிறுத்தினார்.

"உங்க பொண்ணு உங்களைப் பத்தி எழுதியிருக்கே, படிச்சீங்களா? அதுல நீங்க சொன்னது இருக்கு பாருங்க, பிரமாதம் சார்."

படிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம், ஏதோ சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, போனில் தேடிப் பிடித்தேன். மூன்றே வரிதான் தெரிந்தது. "என் அப்பா டிக்கெட் பரிசோதகர். கறுப்புக் கோட்டு போட்டிருக்கும்போது அவர் யாருக்கும் அப்பா இல்லை. ஆனால் ஒருநாள் ரயிலில் வைத்து என்னிடம் ஒன்று சொன்னார்." அதோடு எழுத்து மங்கி, தங்கள் சந்தா அறிவிப்பு வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது.

ஐயா, நான் என்ன சொன்னேன்? எனக்கு நினைவில்லை. அவளை ரயிலில் அழைத்துப் போனது ஐந்தாறு முறை இருக்கும். ஜன்னலில் கையை வைக்காதே என்று சொல்லியிருப்பேன், சும்மா இரு என்று சொல்லியிருப்பேன். இதில் எது பிரமாதம்? இரண்டு வருடம் அவளோடு சரியாகப் பேசாத ஒருவனைப் பற்றி ஊரார் படிக்க அவள் என்ன எழுதியிருக்கிறாள்? தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று தோன்றியது. அந்த நிமிடமே சந்தா கட்டினேன். வீட்டுக்கென்று இருக்கிற ஒரே மின்னஞ்சலைக் கொடுத்தேன். வரவேற்பு மடலும் வந்தது. இரண்டு வருடம் படிக்காமல் இருந்ததை அவசரமாகப் படிக்கக்கூடாது, குளித்துவிட்டு நிதானமாக உட்காரலாம் என்று எழுந்து போனேன். அந்த முக்கால் மணி நேரம்தான் நான் செய்த தவறு. திரும்பி வந்தபோது கடவுச்சொல் தவறு என்றது.

சரி, கடவுச்சொல்லை மாற்றினேன். நான் எதையும் பதிவு செய்யாமல் செய்கிறவன் இல்லை. புதுக் கடவுச்சொல்லை நோட்டில் மையால் எழுதி, தேதி நேரம் போட்டு, ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து, அடிக்கோடிட்டு, பிறகு போனில் ஒவ்வொரு எழுத்தாக அடிப்பதற்குள் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் எவனோ அதை மாற்றிவிடுகிறான். "தங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது. மாற்றியது தாங்கள் இல்லையென்றால் உடனே மாற்றவும்" என்று தங்களிடமிருந்தே மடல் வருகிறது. நான் சொன்ன பேச்சுக் கேட்பவன், உடனே மாற்றுகிறேன். அவன் மறுபடி மாற்றுகிறான். நடுநடுவே "அதிக முயற்சிகள், அரை மணி நேரம் பொறுக்கவும்" என்று என்னை உட்கார வைக்கிறீர்கள். அவனையும் உட்கார வைக்கிறீர்களா என்று தெரியவில்லை.

உதவி மையத்துக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு பெண் பேசுகிறது. நல்ல பெண், பொறுமைசாலி, சம்பளம் உயர்த்திக் கொடுங்கள். போனில் சேர்ந்திருக்கிற பழைய பதிவுகளை அழிக்கச் சொன்னது, அழித்தேன். ஓய்வூதியப் பக்கமும் மின்கட்டணப் பக்கமும் இப்போது என்னை யாரென்று கேட்கின்றன. பிறகு நான் இயந்திரம் இல்லை, மனிதன்தான் என்று நிரூபிக்க ஒரு பரீட்சை வந்தது. ஒன்பது படம், அதில் ரயில் உள்ளவற்றையெல்லாம் தொட வேண்டுமாம். யாரிடம் கேட்கிறார்கள் பாருங்கள் என்று தெம்பாக உட்கார்ந்தேன். நாலு படத்தில் சந்தேகமில்லை. ஐந்தாவதில் ஒரு பெட்டி மட்டும் தனியாக நின்றது. விட்டுவிட்டேன். தவறு என்றது.

"சார், பெட்டி இருந்தா ரயில்னு தொட்டுடுங்க சார்."

"எஞ்சின் கோக்காத பெட்டி எப்படிம்மா ரயிலாகும்? அது பாட்டுக்கு நிக்கும், எங்கயும் போகாதே."

"கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாது சார்."

"தெரியாதது எனக்கு எதுக்கும்மா பரீட்சை வைக்குது?"

அந்தப் பெண் தொட்டுவிடுங்கள் சார், எனக்காக என்றது. மனசாட்சியை விட்டுத் தொட்டேன். தேறினேன். அதற்குள் கடவுச்சொல் மாறிவிட்டது.

ஏழாம் நாள் அதே பெண் கண்டுபிடித்துச் சொன்னது: "சார், உங்க கணக்குல இன்னொரு கருவியிலிருந்து யாரோ வர்றாங்க. உங்க ஊருன்னுதான் காட்டுது." எனக்கு உடனே மாடிவீட்டுப் பல் மருத்துவர் மேல் சந்தேகம். கட்டுரையை அவர் எப்படிப் படித்தார்? நான்கு நாளாகப் படியில் அவர் சிரித்தால் நான் சிரிப்பதில்லை. என் மனைவியிடமும் பொதுவாக, "திருட்டுப் பயம் அதிகமா இருக்கு, எதையும் திறந்து வைக்காதே" என்று எச்சரித்தேன். "எனக்கும் அப்படித்தான் தோணுதுங்க" என்று அவள் தன் டேப்லெட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, ஒன்று, அந்தத் திருடனைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும். இரண்டு, இந்தக் கதவை உடனடியாக, இந்தக் கடிதம் கண்ட அன்றே, எனக்குத் திறந்துவிட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம், இது என் மகளுக்கு எக்காரணம் கொண்டும் தெரியக்கூடாது. சொன்ன சொல்லை மீறிவிட்டேன் என்று அவள் நினைப்பதை என்னால் தாங்க முடியாது. அவள் தங்கள் அலுவலகத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று மட்டும், நான் கேட்டதாகச் சொல்லாமல், பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் பேனாவுக்கும் தங்கள் பணியாளர்களுக்கும், குறிப்பாக ஒரு பணியாளருக்கும், எல்லா நலமும் சேரட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உள்ளே வராத தங்கள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்கப் போன இடைவெளியில் என் மனைவி இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். திருடன் அவள்தான். வரவேற்பு மடலைப் பார்த்து, மகள்தான் எனக்குத் தெரியாமல் தன் அம்மாவுக்குச் சந்தா போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்து, நான் குளிக்கப் போன நேரத்தில் புதுக் கடவுச்சொல் வைத்திருக்கிறாள். அதன் பிறகு யாரோ திருடுகிறார்கள் என்று உள்ளறையில் அவள் மாற்ற, முன்னறையில் நான் மாற்ற, பதினோரு நாள் ஒருவரையொருவர் வெளியே தள்ளிப் பூட்டியிருக்கிறோம். அவள் நோட்டில் எழுதுகிற பழக்கம் இல்லாதவள், அதனால் முதல் நாளே உள்ளே போய்ப் படித்துவிட்டாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்லதுதான் சொல்லியிருக்கீங்க" என்றாள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

பிறகு நான் தடுப்பதற்குள் மகளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். ஐயா, எங்கள் வீட்டு மின்னஞ்சலை உண்டாக்கியதே மகள்தானாம். அது அவள் போனிலும் இருக்கிறதாம். வருகிற மடல் ஒவ்வொன்றும் அவளுக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"முதல் நாளே தெரியும்ப்பா. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். நாற்பத்தோரு மடல் வந்துச்சு, என் அப்பா என்னைப் படிக்க இத்தனை தடவை கதவைத் தட்டுறாருன்னு. நான் ஒண்ணைக்கூட அழிக்கலை."

அதில் பாதி உன் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், அவளும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தாங்கள் மகளிடம் தாராளமாகக் காட்டலாம், இந்தப் பின்குறிப்பைத் தவிர. பல் மருத்துவரிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரையை இப்போதே அனுப்பட்டுமா என்று மகள் கேட்டாள். டிக்கெட் வாங்கியவன் பின்வாசல் வழியாக ஏற மாட்டான் என்று சொன்னேன். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தானே திறந்து தருகிறேன் என்றிருக்கிறாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு வருகிறாள். ஆகையால் மேலே கேட்ட எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை தயவுசெய்து எதையும் சரிசெய்துவிடாதீர்கள்.