அண்ணியைக் கடிக்காத அட்டை

சொந்த அண்ணியை ரோபோ என்று நம்பிய நாத்தனார் இந்த மலைநாட்டிலேயே நான் ஒருத்திதான். (வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். தனியாக இருக்க வெட்கமாக இருக்கிறது.) புது மருமகள் மேல் ஒரு வீட்டில் சந்தேகம் வருவது சகஜம். சமையலில் வரும், சாமி கும்பிடுவதில் வரும், போனில் யாரோடு இவ்வளவு நேரம் பேசுகிறாள் என்று வரும். எனக்கு வந்தது, அண்ணிக்குள் ஓடுவது ரத்தமா கரண்டா என்கிற சந்தேகம்.

பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டு, முடிவுக்காகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சும்மா இருந்த காலம். (வயது பத்தொன்பது. சின்னப் பிள்ளை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.) டிவியில் தினமும் ஒரு வெளிநாட்டுத் தொடரைத் தமிழில் போட்டார்கள். மனிதர்களைப் போலவே இருக்கும் ரோபோக்களுக்குத் தங்களை அறியும் அறிவு வந்துவிடுகிறது. அவற்றில் நான்கு, அம்மா அப்பா பிள்ளைகள் என்று ஒரு குடும்பமாகி ஒரு தெருவில் ஒளிந்து வாழ்கின்றன. வெளியே தெரிந்தால் பிடித்துக்கொண்டு போய்க் கழற்றிப் போட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டில் ஒருத்தி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளை நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ரோபோ அம்மா பிள்ளைகளைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவேன்.

கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா வாசலிலேயே நின்று கேட்பாள். "என்னாடி, யாரு செத்தா?"

"யாரும் சாகலம்மா. சார்ஜ் எறங்கிருச்சு."

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குக் கல்யாணமாகி, பொல்பிட்டியவிலிருந்து சுகன்யா அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. ஞாயிறுக்கு ஞாயிறு வருவான். மற்ற நாளெல்லாம் அண்ணி என் கண்காணிப்பில்.

வந்த அன்று ஆரத்தி எடுத்து முடித்ததும் ஆசையோடு அண்ணியைக் கட்டிப் பிடித்தேன். என் கன்னம் அவர் காதில் பட்டது. அவர் தலைக்குள்ளிருந்து "கீ..." என்று மெல்லிய சத்தம் வந்தது. கொசுவோ என்று பார்த்தேன். எங்கள் குளிருக்குக் கொசு ஏது? அண்ணி சட்டென்று விலகி முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். அந்த நிமிடம் என் மண்டைக்குள் தொடரின் பின்னணி இசை ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துவோம். அப்பா தேயிலை ஃபெக்டரியில் இலை உருட்டும் மெசினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. அவருக்காகக் கத்திப் பழகி, எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் நானும் அம்மாவும்கூட மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்கள் மாதிரித்தான் பேசிக்கொள்வோம். வருகிற விருந்தாளியெல்லாம் முதல் நாள் மிரண்டு போவார்கள். அண்ணி மிரளவே இல்லை. பேசுகிறவர் வாயையே கண் கொட்டாமல் பார்ப்பார். தொடரிலும் ரோபோக்கள் அப்படித்தான் மனிதர்களைப் படித்துக்கொள்ளும்.

மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து "அண்ணி! அண்ணி!" என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். (தண்ணீர் பட்டால் அவற்றுக்கு ஆகாது!) அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை பிளக்கில் மாட்டி வைத்திருப்பார், அதில் பச்சை விளக்கு மினுங்கும். "அதத் தொட்டுராத தர்ஷினி" என்று ஓடி வந்து எடுத்துக்கொள்வார். ஒருநாள் கரண்டு போனது. நாங்கள் மெழுகுதிரி தேடினோம். அண்ணி மட்டும் "எப்பங்க வரும், எப்பங்க வரும்?" என்று முகம் வாடி உட்கார்ந்திருந்தார். பொல்பிட்டியவில் இருப்பது என்ன? கரண்டு எடுக்கிற பவர் ஹவுஸ்! கரண்டு பிறக்கிற ஊரில் போய்ப் பெண் எடுத்திருக்கிறோமே!

மஸ்கெலியாவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நாநாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். "நாநா, ரோபோ அச்சு அசலா மனுசர் மாதிரியே வருமா?"

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "இப்ப எல்லாம் வருது தங்கச்சி. சைனாக்காரன் செய்யாத சாமான் இருக்கா?"

அதற்கு மேல் எனக்கு என்ன ஆதாரம் வேண்டும்? ஆனாலும் கடைசி ஆதாரம் ஒன்று தானாகவே வந்து சேர்ந்தது. மழைக்காலம் தொடங்கி அட்டைகள் கிளம்பின. விறகு பொறுக்கிவிட்டு வந்தால் என் இரண்டு காலிலும் ரத்தம் ஒழுகும். கூடவே வந்த அண்ணியின் கால் கழுவி வைத்த மாதிரி இருக்கும். ஒரு அட்டை, ஒரே ஒரு அட்டை, அவரைக் கடித்ததில்லை.

"என்னா ராசியான காலு!" என்று அம்மா பூரித்துப் போனாள்.

ராசியா அது? ரப்பர்! மலையில் அட்டை கடிக்காத மனிதர் உண்டா? தோட்டத்துத் துரையையே கடிக்கும். அதற்கு ஆள் தராதரம் தெரியாது, ரத்தம் மட்டும்தான் தெரியும்.

சொல்லவும் பயமாக இருந்தது. ஏனென்றால் எனக்கு அண்ணியைப் பிடித்திருந்தது. தலை பின்னிவிடுவார், எனக்கென்று ஒரு ரொட்டியை மொறுமொறுவென்று சுட்டு ஒளித்து வைப்பார். ஆனால் என் அண்ணன் பாவமில்லையா? அவனுக்குத் தெரியாமலே ஒரு மெசினோடு வாழ்ந்து முடித்துவிடுவானே! எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு சோதனை செய்துவிடுவதென்று முடிவெடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். கோழிக்கறி, ரசம், அப்பளம். சம்பந்தி மாமா வெள்ளை வேட்டியில் பளபளவென்று உட்கார்ந்திருந்தார். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தார். என் கையில் நெருப்புப் பெட்டி. உள்ளே காலையில் பிடித்த பசியான அட்டை.

கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எடுக்கக் குனிந்தேன். அண்ணியின் கணுக்கால் அருகே பெட்டியைத் திறந்தேன். அட்டை தலையைத் தூக்கி அண்ணியின் குதிகாலைத் தொட்டது. சுட்டதுபோல் பின்வாங்கியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு, நேராகச் சம்பந்தி மாமாவின் வேட்டிக்குள் போய்விட்டது.

சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. அட்டை கடிப்பது கடிபடுகிறவருக்கே தெரியாதே. மாமா கோழிக்காலை ருசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை வேட்டியில் சிவப்பாக ஒரு பூ பூத்தது.

"ஐயோ, ரத்தம்!" என்று சம்பந்தி அம்மா அலறினார். அண்ணன் எழுந்து ஓடினான், அம்மா உப்போடு வந்தாள், மாமா வேட்டியைத் தூக்குவதா பிடிப்பதா என்று தெரியாமல் ஆடினார். (அப்பா மட்டும் இது எதுவும் கேட்காமல், தலை குனிந்தபடி ரசம் குடித்துக்கொண்டிருந்தார்.) அப்போதுதான் அம்மாவின் கண் என் கையில் இருந்த நெருப்புப் பெட்டியில் விழுந்தது.

"என்னாடி இது?"

இனி மறைத்துப் பயனில்லை. நிமிர்ந்து நின்று, தொடரில் வருகிற மாதிரியே விரலை நீட்டினேன். "அண்ணிய அட்டை கடிக்காதும்மா! அவங்க மனுசியே இல்ல! ரோபோ! காதுக்குப் பின்னால பாருங்க!" என்று கத்தி, அண்ணியின் முடியை விலக்கினேன். ஏதோ ஒன்று கழன்று என் உள்ளங்கையில் விழுந்து "கீ..." என்று கத்தியது.

காது கேட்கும் மெசின்.

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தி அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "சம்பந்தி, மறைச்சது எங்க தப்புதாங்க. சின்ன வயசுல காய்ச்சல் வந்து போன காதுங்க. இதச் சொல்லிச் சொல்லியே வந்த எடமெல்லாம் தட்டிப் போச்சு. புள்ளைய திருப்பி அனுப்பிராதீங்க."

"எனக்குத் தெரியும்மா" என்றான் அண்ணன். "நான்தான் சொல்ல வேணாம்னேன்."

அண்ணி நடுவில் நின்று எங்கள் ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த வாயிலிருந்து தன்னைப் போகச் சொல்லும் வார்த்தை வரப்போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நானேதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிவிக்குள் இருந்த மெசினுக்காக அவ்வளவு அழுதவள், வீட்டுக்குள் இருந்த மனுசிக்காக அன்றுதான் முதல் தடவை அழுதேன்.

அப்பா கையை நீட்டினார். "அத இங்க குடு."

கொடுத்தேன். துண்டில் துடைத்துத் தன் காதில் செருகிக்கொண்டார். தலையைச் சாய்த்துக் கூரையைப் பார்த்தார். "மழ பேயுதா?"

"காலையில இருந்து பேஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு!" என்றாள் அம்மா, வழக்கமான குரலில்.

அப்பா துள்ளி விழுந்து காதைப் பொத்தினார். "ஏன்டி இப்புடிக் கத்துற? ஒரு மனுசன்கிட்ட மெதுவாப் பேசத் தெரியாதா ஒனக்கு?"

அம்மா உப்புக் கையோடு அப்படியே நின்றாள். முதலில் சிரித்தது அண்ணிதான். அவர்தானே என் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணன், பிறகு ரத்த வேட்டியோடு மாமா. கடைசியாக அம்மா சம்பந்தி அம்மாவின் கூப்பிய கையைப் பிடித்து இறக்கினாள்.

"காது கேக்கலன்னா அனுப்பணுமாங்க? அப்புடின்னா மொதல்ல இந்தாளத்தான் அனுப்பியிருக்கணும்."

"இந்த வீட்டுல மட்டும் மெசினக் கழட்டுனாலும் எனக்குப் பாதி கேக்குதுங்க அத்தை" என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பினார். "பொல்பிட்டியில அட்டை இல்லையா? காலையில கால்ல துணி தொவைக்கிற சவுக்காரத்தத் தேச்சுக்குவேன். கேட்டிருந்தா ஒனக்கும் தேச்சு விட்டிருப்பேன்ல?"

இப்போது அப்பாவுக்கும் ஒரு மெசின் இருக்கிறது. அரிசி வாளிக்குப் பின்னால் இரண்டு வெள்ளைப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் மினுங்குகின்றன. நான் எதையாவது நீட்டி முழக்க ஆரம்பித்தால் மாமனாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சொல்லி வைத்தாற்போல் கழற்றிவிட்டுப் புன்னகையோடு தலையாட்டுவார்கள். அம்மா இன்னமும் கத்திக்கொண்டுதான் இருக்கிறாள்.

போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தேநீர்த் தட்டை என் கையில் கொடுத்த அண்ணி, கோப்பைகளுக்கு நடுவில் எதையோ வைத்தார். நெருப்புப் பெட்டி.

"மாப்பிள்ள மனுசர்தானான்னு பாத்துக்க" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

வெறும் பெட்டிதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் தேநீரைக் கொண்டுபோனேன்.