ராகுகால வஞ்சனைப் படலம்

வாழ்க சாம்பு! மைசூரு மண்டி மொஹல்லாவின் மாடிவீட்டு மன்னவன், இரவல் குறுந்தகடு ஏந்திய கையன், மூக்குக்கண்ணாடி நழுவினும் பேனா நழுவவிடாப் பெருந்தகை, வாழ்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில், ஆயத்தமாய்க் கிடைப்பதைக் கணினியில் ஏற்றுவது வீரர்க்கு இழுக்கென்று வெகுண்டெழுந்து, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து தன் கையாலேயே கட்டியெழுப்பவும், ஒவ்வொரு படியையும் மணி நிமிடத்தோடு குறிப்பேட்டில் பொறித்து ஞாயிறன்று நண்பர் அவையில் அரங்கேற்றவும் துணிந்த அவன் புகழைப் பாடப் புகுகிறேன். தொண்டையைக் கனைத்துக்கொள்ள அவகாசம் தருக.

சனிக்கிழமை காலை, அறைவாயிலில் தோன்றினாள் அவன் இல்லத்தரசி காமாக்ஷி: பள்ளி வினாத்தாள்களை அதே கணினியில் தட்டச்சிடுபவள், கணவனின் கோழிக்கிறுக்கலைச் செம்மைப்படி எடுத்துத் தருபவள், பஞ்சாங்கத்தின் படைத்தலைவி. அவள் முழங்கினாள்: "நாலு மணிக்கு நேக்கு மெஷின் வேணும். அதுக்குள்ள உங்க லினக்ஸ் வரலேன்னா பழையதையே போட்டுடணும், அப்புறம் அந்தப் பேச்சே கூடாது. இன்னொண்ணு, ஒம்பதுலேர்ந்து பத்தரை ராகுகாலம். அது வரைக்கும் சும்னே அதை நோண்டாதேங்கோ!" சும்மா என்பதைக் கன்னட வாடையில் 'சும்னே' என்று முழங்கிவிட்டுப் பையோடு தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள்.

மணி ஒன்பது ஐந்து. பொறுமை அற்ற புயத்தோன் ஒரு சூழ்ச்சி செய்தான்: கணினியின் கடிகாரத்தைப் பத்து முப்பத்தொன்றுக்குத் தள்ளிவைத்தான். இனி ராகுவுக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன வேலை? பத்து நிமிடம் கோப்புகள் பிறந்து குவிந்தன. ஆயினும் வாய்மை தவறாக் குறிப்பேட்டில் பொய்நேரம் எழுத அவன் நெஞ்சம் ஒப்பவில்லை. கடிகாரத்தை மெய்நேரத்துக்கே திருப்பினான். அங்கேதான் பிடித்தது சனி.

கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டே எதை மறுபடி ஆக்குவதென்று தீர்மானிக்கும் கணினி, இன்னும் வராத நேரத்தில் பிறந்த கோப்புகளைக் கண்டு மதிகலங்கி, செய்ததையே செய்து, செய்ததை நம்பாமல் மீண்டும் செய்தது. கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று திரையில் அது கதறியதே, படித்தாயா சாம்பு? படிக்கவில்லை. பெட்டியின் விலாவைப் பிளந்தான். நினைவகப் பலகையைப் பிடுங்கி, ஊதி, வேட்டி நுனியால் துடைத்துச் செருகினான். ஏழு காரணங்களைக் குறிப்பேட்டில் எழுதி ஏழையும் அடித்தான். நான்கு மணியை நினைத்து அந்த மாவீரன் எட்டாவது காரணத்தைத் தேடினான். பாவமாகத்தான் இருந்தது.

பத்து நாற்பத்தொன்று. யாரும் தொடாமலே கணினி முன்னேறிச் சென்றது. எதிர்காலம் நிகழ்காலமாகிவிட்டது, அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்த வீரனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. ராகு போகும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாலே போதுமாயிருந்தது!

மூன்றரைக்குத் திரையில் 'லாகின்' என்னும் திருச்சொல் உதித்தபோது, காமாக்ஷி காபியோடு வந்தாள். "பாத்தேளா? ராகுகாலம் போனப்புறம் ஆரம்பிச்சேள், நாலுக்குள்ள வந்துடுத்து. நோட்டைக் குடுங்கோ, ஃபேர் காப்பி எடுக்கறேன்."

நடந்ததை எழுதினால் வீட்டில் மானம் போகும், எழுதாவிட்டால் அவையில் குறிப்பேடு பொய்யாகும் என்று இருபுறமும் நெருக்குண்ட அந்த வாய்மைக் காவலன், வேர்வை துடைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேனாவை வாளென உயர்த்தி, முதல் பக்கத்தின் உச்சியில் பொறித்தான்.

"படி ஒன்று: சனிக்கிழமையானால் பத்தரைக்கு மேல் ஆரம்பிக்கவும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாம்பு காபியைக் குடித்தார்.