வானத்துக் கல்லும் இறுகிய தோளும்

வாடகை மண்டபத்து வாசலில் அப்படி ஒரு கூட்டம். இருக்காதா பின்னே? வானத்திலிருந்து ஒரு கல் விழுந்திருக்கிறது. விழுந்ததுதான் விழுந்தது, நேராக, ஊர் ஊராக வைத்தியம் பார்க்கும் 'கல் ஐயா'வின் பட்டுப் பைக்குள் போய் விழுந்திருக்கிறது. முழங்கால், இடுப்பு, தோள், கழுத்து, எங்கே பிடிப்பு இருந்தாலும் தொட்டதும் விட்டுவிடுமாம். வானத்துக்கு நம் மூட்டுகளின் மேல் அவ்வளவு கரிசனம்.

வரிசையில் சலூன்காரரும் மனைவியோடு நின்றார். சர்க்கரை நோயாளி. வலத் தோள் இறுகிப்போய், வாடிக்கையாளரின் உச்சந்தலைக்குக் கை எட்டவில்லை. பாதித் தலைக்கு முடி வெட்டினால் யார் வருவார்கள்? கடையை மூட வேண்டி வருமோ என்று மனிதர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்து, சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்றும் பயிற்சியும் சொல்லியிருந்தார்கள். சுவரைத் தடவினால் தோள் சரியாகுமா என்று சிரித்துவிட்டு அதை விட்டுவிட்டார். கல்லைத் தடவினால் சரியாகும் என்றபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லுக்கு மாத்திரை ஆகாது என்று ஐயா சொல்லியனுப்பியதால் மாத்திரையையும் நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. நாக்கு வறண்டது, தலை சுற்றியது. நோய் வெளியேறுகிறது என்று சீடர்கள் பாராட்டினார்கள்.

அவர் முறை வந்தது. ஐயா கையைத் தூக்கச் சொன்னார். தோள் உயரத்தில் நின்றுவிட்டது. கல்லைத் தோளில் வைத்து, மூச்சை இழுத்துவிடச் சொல்லி, மறுபடி தூக்கச் சொன்னார். கை இன்னும் கொஞ்சம் மேலே போனது. மண்டபமே மெய்சிலிர்த்தது. சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவிக்கு மட்டும் இதை எங்கேயோ பார்த்த நினைவு. மருத்துவமனையில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணும் இதைத்தான் செய்து காட்டினாள். முதல் தடவை பிடிக்கும், அடுத்த தடவை கொஞ்சம் இளகும் என்றாள். அவளிடம் கல் எதுவும் இல்லை.

"ஐயா, அடுத்தவருக்குக் கல்லை வைக்காம ரெண்டு தடவை தூக்கச் சொல்லிப் பார்ப்போமா?"

"சந்தேகப்பட்டா கல் கோவிச்சுக்கும்மா."

"வானத்துலேர்ந்து விழுந்தே உடையாத கல்லு. இதுக்கா மனசு உடைஞ்சிடப்போகுது?"

யாரோ சிரித்தார்கள். பின்னால் நின்ற தையல்காரருக்கு ஆர்வம் தாங்கவில்லை. அவருக்கும் தோள் பிடிப்புதான். கையைத் தூக்கினார், கழுத்து வரை வந்தது. மூச்சு விட்டுவிட்டு மறுபடி தூக்கினார். காது வரை போனது. கல் பாட்டுக்குப் பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், வரிசையில் இருந்தவர்கள் ஆளாளுக்கு இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார்கள். மண்டபம் முழுக்கக் கைகள். கை தூக்கி நடந்த அந்த வாக்கெடுப்பில் ஐயா தோற்றுப்போனார். கல்லுக்குக் காற்றுப் படக்கூடாது என்று முணுமுணுத்தபடி பின்வாசலைத் தேடினார்.

சலூன்காரர் அவமானத்தில் நின்றார். "அப்போ எனக்குத் தலை சுத்துனது?"

"நோய் போனதால இல்லைங்க. மாத்திரை போனதால. வாங்க, முதல்ல டாக்டரைப் பார்ப்போம்."

இப்போது அவர் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் கடை திறக்கிறார். ஆள் இல்லாத நேரத்தில் விரல்கள் சுவரில் ஏறுகின்றன. உச்சந்தலை எட்ட இன்னும் சில மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகட்டும்.

கல் ஐயா வேறு ஊரில் மண்டபம் பிடித்துவிட்டாராம், அங்கேயும் கூட்டமாம். அசைக்காமல் வைத்திருந்தால் தோள் மட்டுமா இறுகும்? மூளையும்தான். அதற்கும் தினம் கொஞ்சம் பயிற்சி கொடுங்கள்.