சம்பந்தி கையில் ஒட்டிய முன்விளக்குக் காப்பு

என் மேல் பாசமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகமும் வைத்திருக்கும் அன்பு அக்காவுக்கு, தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே நான், வீட்டுக்காரி, உன் மருமகள் மூவரும் சௌக்கியம். என் வலது உள்ளங்கையில் மட்டும் தோல் கொஞ்சம் குறைவு. அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ பார்த்துச் சொன்ன வரன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்து போன சங்கதி வேறு வாய் வழியாக உன் காதுக்கு வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். நீ போனில் என்ன சொன்னாய்? "பையன் தங்கம், குடும்பம் அதைவிடத் தங்கம், அவங்க வர்ற அன்னிக்கு அந்த டாங்கியெல்லாம் கண்ணுல படக்கூடாது, கல்யாணப் பொண்ணு இருக்கிற வீடா, பட்டாளமாடா அது" என்றாய். நானும் தலையாட்டினேன். உன் மருமகளோ பகலெல்லாம் லேபில் ஊரார் வாய்க்குப் பல் செட் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கில் டாங்கி செய்ய உட்கார்ந்துவிடுகிறாள். நிஜ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினது. செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால், இப்போது அதற்கு நகை வேறு போடுகிறாள், பித்தளை நகை. காகிதம் போன்ற தகட்டை அமிலத்தில் அரித்து, கொக்கி, கைப்பிடி, கம்பிவலை, தாழ்ப்பாள் என்று எறும்புக்குத் தனிக்குடித்தனம் வைக்கச் சாமான் வாங்கின மாதிரி ஒரு செட்டாக அனுப்புகிறான் கடைக்காரன். ஒவ்வொன்றையும் நறுக்கி, சாமணத்தால் பிடித்து, மடக்கி, பசை தொட்டு ஒட்ட வேண்டும். பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். இந்த வீட்டில் மின்விசிறி சுற்றியே வெகு நாளாகிறது. நானும் வீட்டுக்காரியும் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம், தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுகிறோம்.

ஞாயிறு காலையில் ஒளிக்கும் வேலையை ஆரம்பித்தேன். ஒன்றைத் துணி அலமாரியில் போர்வைக்குள் தூங்க வைத்தேன், ஒன்றைக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து மூடினேன். பெரியது மட்டும் மேசை மேல் பாக்கி. "ஒரே ஒரு பீஸ்தான்பா, ஒட்டினதும் எடுத்துடறேன், விளக்கைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள். அந்த ஒரு பீஸ் முன்விளக்குக் காப்பு. டாங்கி புதருக்குள் புகுந்து போகும்போது விளக்கு உடையாமல் இருக்க முன்னால் வைக்கிற கூண்டாம். விரல் நகத்தைவிடச் சிறியது. தட்டையாக இருந்ததை அங்கே ஒரு மடி, இங்கே ஒரு மடி என்று மடித்தாள், எழுந்து நின்றுவிட்டது. அக்கா, அதை நீ பார்த்திருக்க வேண்டும். திட்டுவதற்காகத் திறந்த வாயை நான் மூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, அதை விடு, விஷயத்துக்கு வருகிறேன்.

காப்பில் பசை தொட்ட நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. நான் பதறிப்போய் மேசையில் இடித்தேன், பசைக் குப்பி என் உள்ளங்கையில் கவிழ்ந்தது, அதன் மேலேயே காப்பும் வந்து விழுந்தது. துடைக்க ஏது நேரம்? இடது கையால் டாங்கியை சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உன் மருமகளைச் சேலை மாற்ற உள்ளே விரட்டிவிட்டுக் கதவைத் திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு பையனின் அப்பா நிற்கிறார். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், பார்த்தாலே எதையாவது ஒப்புக்கொண்டுவிடத் தோன்றும் முகம். அவர் கையை நீட்டினார். பெண்ணைப் பெற்றவன் நீட்டின கையைத் தட்ட முடியுமா? கொடுத்தேன். கொடுத்த கை திரும்பி வரவில்லை.

குலுக்கினார், குலுக்கினேன், குலுக்கிக்கொண்டே இருந்தோம். "போதுங்க" என்றார். "நீங்க விடுங்க" என்றேன். "நான் எப்பவோ விட்டுட்டேனே!" என்றார். பையனின் அம்மா, "பாருங்களேன், முதல் நாளே விட மனசு வரலை" என்று நெகிழ்ந்தே போய்விட்டார். இதற்குள் உன் மருமகள் காபித் தட்டோடு வந்து நிலைமையைப் பார்த்தாள். பெற்றவன் கைக்கு என்ன ஆச்சு என்றா கேட்டாள்? "இழுக்காதீங்கப்பா, வளைஞ்சிடும்!" என்று கத்தினாள். "எதும்மா வளையும்?" என்றார் அவர். நான் முந்திக்கொண்டு, "பல்லுக்குப் போடற கம்பிங்க, லேப் வேலை" என்றேன். இவளுக்குத்தான் பொய் என்றால் வேப்பங்காயாயிற்றே. "டாங்கியோட ஹெட்லைட் கார்டு சார். செட்டுக்கு ரெண்டுதான் வரும், ஒண்ணை ஒட்டியாச்சு. இது போனா வண்டி ஒத்தைக் கண்ணாயிடும்" என்றாள்.

அப்புறம் எல்லாம் அவள் ராஜ்யம்தான். எங்கள் இருவரையும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்த்தி, நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து மெல்ல மெல்ல விரல் இடுக்கில் விட்டாள். பையன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா "மேலே" என்றால் மேலே, அப்பா "கீழே" என்றால் கீழே, ரொம்ப அடக்கம். நடுவில் பெரியவருக்கு மூக்கு அரித்தது. பழக்க தோஷத்தில் வலது கையைத் தூக்கினார், என் கையும் கூடவே போயிற்று. அவர் மூக்கை நான் சொறிந்துவிட்டேன், அக்கா. இதற்கு மேல் ஒரு சம்பந்திக்கு என்ன மரியாதை செய்ய முடியும், நீயே சொல்லு.

கடைசியில் கை பிரிந்தது, கொஞ்சம் தோலும் பிரிந்தது. இவள் காப்பைச் சாமணத்தால் எடுத்து விளக்கில் காட்டி, "வளையவே இல்லை!" என்று குதித்தாள் பார், சின்னக் குழந்தை மாதிரி. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குளியலறையிலிருந்து பையனின் அம்மா, "வாளிக்குள்ள ஒண்ணு நிக்குதுங்க!" என்று அலறினார். எல்லோரும் சிரித்தபடியேதான் கிளம்பினார்கள். "வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

ஆகையால் அக்கா, உன் காலில் விழுந்து கேட்கிறேன், நீ அவர்களுக்கு ஒரு போன் போடு. கல்யாணத்துக்குப் பிறகு பெண் டாங்கி பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள் என்று என் பேரில் வாக்குக் கொடு. நானே எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறேன். பித்தளைத் துண்டுக்காக ஒரு நல்ல சம்பந்தத்தை விடுவேனா, எனக்கென்ன பைத்தியமா?

அத்தானுக்கு என் நமஸ்காரம், முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்புகிறேன். குழந்தைகள் குறையில்லாமல் வாழ மாமாவின் ஆசி.

இப்படிக்கு,
உன் பேச்சைத் தட்டாத தம்பி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் பையனின் அப்பாவே போன் செய்துவிட்டார். நான் அப்போது அந்தக் காப்பை டாங்கி மேல் சாமணத்தால் பிடித்துக்கொண்டிருந்தேன், பசை இறுகுகிற வரை அசையக் கூடாது என்று உத்தரவு. வீட்டுக்காரிதான் போனை என் காதில் வைத்தாள். எல்லோருக்கும் பரம சம்மதமாம். "ஒண்ணே ஒண்ணு, அந்தப் பொம்மை வேலை மட்டும் இங்க வேண்டாம், நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார். "மாப்பிள்ளை என்ன சொல்றார்?" என்றேன். "நாங்க சொல்றதுதான் அவனும்" என்றார். நான் உன்னிடம் கெஞ்சியதே அதற்குத்தானே, சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரே உன் மருமகள் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, உலகத்தில் வேறெதுவும் இல்லாத மாதிரி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்படின்னா வேண்டாங்க, வேற இடம் பார்த்துக்கறோம்" என்றேன். கை ஆடவே இல்லை, அக்கா. வீட்டுக்காரி போனை வைத்துவிட்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "யாருப்பா?" என்றாள் இவள். "ராங் நம்பர்" என்றேன். ஆகவே நீ யாருக்கும் போன் போட வேண்டாம். வேறு வரன் பார். படிப்பு, உத்தியோகம், உயரமெல்லாம் உன் இஷ்டம். வீட்டில் தரைவிரிப்பு மட்டும் இருக்கக் கூடாது. அதில் ஒரு துண்டு விழுந்தால் அந்தக் கடவுளே வந்தாலும் தேடி எடுக்க முடியாது.